கருவியின் விலையும் வாசிப்பின் செலவும்: பார்வையற்றோருக்கான தொழில்நுட்பத் திட்டமிடல்

பார்வையற்றோருக்கான உதவிக் கருவிகள் நம் நலத்திட்ட அறிக்கைகளில் எண்ணிக்கையாகவே இடம்பெறுகின்றன: இத்தனை கோல்கள், இத்தனை கைப்பேசிகள், ஒன்றின் விலை இவ்வளவு. 1981இல் தொடங்கிய நடுவண் அரசின் உதவிக் கருவித் திட்டமும் பயனாளியின் வருமானத்தையும் கருவியின் விலையையும் கொண்டே உதவியை அளக்கிறது. இந்த அளவுகோல் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆளுக்கு ஒன்றாக வாங்கித் தரும் செலவு வேறு. ஒருமுறை செய்தால் எல்லோருக்கும் பயன்படும் செலவு வேறு. பின்னதை ஒத்திப்போடும் திட்டத்தில் முன்னதும் வீணாகிறது.

திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானின் வரலாறே இதற்குச் சான்று. விண்டோஸ் கணினியில் இயங்கும் ஜாஸ் என்ற திரைவாசிப்பானின் விலை ஆயிரம் டாலரை ஒட்டியிருந்த காலத்தில், 2006இல், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவருடைய பார்வையற்ற நண்பர் ஜேம்ஸ் டேயும் உடன் சேர்ந்தார். அது இன்றும் இலவசம். மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. அதனுடன் வரும் ஈஸ்பீக் பேச்சுப்பொறி தமிழும் பேசும். ஆக, மென்பொருளின் விலை சுழியமாகிவிட்டது. ஆனால் வாசிப்பு எட்டவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பைத் திறந்தால் திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளை உச்சரிக்கிறது; ஒளிவருடிய பக்கம் என்றால் வெறும் மௌனம். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. ஆணைக்கு முந்தைய கோப்புகளை மாற்றுவதும், பிந்தையவை ஆணைப்படி அமைகின்றனவா என்று பார்ப்பதும் கருவி வாங்கும் பணிகளல்ல. ஆனால் இலவச மென்பொருளுக்கு உயிர் தருபவை அவையே.

வன்பொருளில் கணக்கு மாறுகிறது. சாதாரண வெள்ளைக் கோல் முழங்காலுக்கு மேலுள்ள தடையைக் காட்டாது. நீட்டிக்கொண்டிருக்கும் கிளையோ, நிற்கும் லாரியின் பின்பலகையோ நேரே முகத்தில் மோதும். டெல்லி ஐஐடி வடிவமைத்த ஸ்மார்ட்கேன் மீயொலியால் அத்தகைய தடையை உணர்ந்து கைப்பிடியில் அதிர்வாகத் தெரிவிக்கிறது. மலிவாகவே திட்டமிடப்பட்ட நல்ல கருவி. ஆனால் அந்த அதிர்வைப் பழகப் பயிற்றுநர் வேண்டும். மின்கலம் தேய்ந்தால் மாற்ற ஆள் வேண்டும். ஒப்பந்தப்புள்ளியில் இவ்விரண்டுக்கும் தொகை ஒதுக்காமல் கோலை மட்டும் கொடுப்பது அரைகுறை வேலை.

கணினியில் உள்ள எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் தொடுபிரெயில் திரையின் சிக்கல் இன்னும் ஆழமானது. ஒவ்வொரு கட்டத்திலும் எட்டு ஊசிகள். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பீங்கான் பட்டை மின்னழுத்தத்தால் தூக்குகிறது. இருபது கட்டங்களுக்கே நூற்றறுபது பட்டைகள். விலை ஏறக் காரணம் இதுதான். பல நாட்டு அமைப்புகள் கூடி ஆய்வுச் செலவைப் பகிர்ந்துகொண்ட பிறகே, வேறு இயங்குமுறை கொண்ட ஆர்பிட் ரீடர் 20 குறைந்த விலையில் உருவானது. அங்கும் பொதுச் செலவு முந்தியது. தனிச் செலவு பிறகு குறைந்தது.

கைப்பேசியே பேசும்போது பிரெயில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் மாணவரைப் பொறுத்தவரை இக்கேள்வி மிகவும் ஆபத்தானது. முந்நூறு, முன்னூறு இரண்டும் செவிக்கு ஒன்றே. அரமும் அறமும் பலர் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. காதால் மட்டும் பயிலும் குழந்தைக்கு எழுத்துக்கூட்டல் வசப்படாது. விரல் நுனியில் நகரத்துக்கும் னகரத்துக்கும் புள்ளிகள் வேறு. செலவைக் காரணம் காட்டிப் பிரெயிலைக் கைவிடுவது அக்குழந்தையின் எழுத்தறிவையே கைவிடுவதாகும்.

எனவே நிதியை ஒதுக்கும் வரிசை மாற வேண்டும். முதலில் பாடநூல்களும் அரசு ஆவணங்களும் ஒருங்குறிக்கு வரட்டும். தமிழ்ப் பேச்சுப்பொறியைச் செம்மைப்படுத்தும் பணிக்கு நிலையான ஊதியம் கிடைக்கட்டும். அடுத்து, பள்ளிக் குழந்தைகளுக்குத் தொடுபிரெயில் திரை. பழுதுபார்ப்புக்கான தொகை கொள்முதல் விலையிலேயே சேர்ந்திருக்க வேண்டும். அதற்கான கைத்திறன் நம்மிடம் இல்லாமல் இல்லை. காட்பாடியின் வொர்த் டிரஸ்ட் பெர்க்கின்ஸ் பிரெயில் தட்டச்சுப்பொறிகளைத் தயாரித்து வந்திருக்கிறது. அத்தகைய பட்டறைகளில் மின்னணுத் திரைகளைப் பழுதுபார்க்கவும் பயிற்சி தந்து, மாவட்டந்தோறும் ஒருவரையாவது பணியில் அமர்த்தலாம். அந்தப் பணிக்குப் பார்வையற்றோரையும் தேர்ந்தெடுக்கலாம்.