இருபது கிராம் காபி

ஒரு சின்னக் கணக்கு போடலாமா? பயப்படாதீர்கள். பி.காம். படித்தவன் போடும் கணக்கு, கூட்டல் கழித்தலைத் தாண்டாது.

சென்னையில் ஏதோ ஒரு கஃபே. ஏ.சி. குளிர், காதை உறுத்தாத பாட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராகக் கேக்குகள். நீங்கள் ஒரு கப்புச்சினோ சொல்கிறீர்கள், கூடவே ஒரு சாக்லேட் பேஸ்ட்ரி. காபிக்கு மட்டும் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பைக்குள் போயிருக்கும் தூள் ஏறக்குறைய 16 கிராம். வறுத்தால் எடை குறையும் அல்லவா? எனவே பச்சைக் கொட்டையாக அது 20 கிராம். ஒரு கிலோ கொட்டைக்கு 50 கோப்பை. கொட்டை கிலோ 500 ரூபாய் விலை போகிறது என்று கணக்கு வைத்தால், உங்கள் 200 ரூபாயில் தோட்டத்துக்குப் போய்ச் சேருவது 10 ரூபாய். உரம், மருந்து, பழம் பறித்தவர் கூலி, பேங்க் வட்டி எல்லாம் அந்தப் பத்துக்குள்தான் அடங்கவேண்டும்.

மீதி 190? பால், சம்பளம், கரண்ட், வரி என்று பட்டியல் போகும். எல்லாவற்றுக்கும் மேலே வாடகை. நீங்கள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசினீர்களே, அந்த நாற்காலிக்கு.

தப்பென்று சொல்லவில்லை. நானும் உட்காருகிறவன்தான். ஆனால் அந்த நாற்காலிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை நகரத்திலிருந்து ஆரம்பித்தால் பாதிதான் புரியும். மலையிலிருந்து வரவேண்டும்.

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போகிற சாலையைப் பிடியுங்கள். முந்தல் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். 17 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் போடிமெட்டு, அதற்கு அந்தப் பக்கம் கேரளா, ஏலக்காய் ராஜ்யம். இந்தப் பக்கம் அகமலை, குரங்கணி, கொட்டகுடி என்று போடியைச் சுற்றியிருக்கும் சரிவுகளில் காபி. இரண்டுக்கும் நேர் வெயில் ஆகாது. நிழல் மரம் வேண்டும். காபிப் பழம் ஒரே நாளில் மொத்தமாகப் பழுக்கவும் செய்யாது. ஒரே கொத்தில் ஒன்று சிவப்பாக இருக்கும், பக்கத்தில் இருப்பது பச்சையாக இருக்கும். சிவந்ததை மட்டும் விரலால் கிள்ளி எடுத்துவிட்டு, சில நாள் கழித்து அதே செடிக்கு மறுபடி வரவேண்டும். அப்படிக் கிள்ளிய ஆறு கிலோ பழம் சேர்ந்தால்தான் ஒரு கிலோ கொட்டை.

மெக்காவிலிருந்து திரும்பிய பாபா புதன் என்ற சூஃபி பெரியவர் ஏழு கொட்டைகளை மறைத்து எடுத்துவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 17-ம் நூற்றாண்டுச் சங்கதி. நமக்கு வேண்டியது அதற்கு இருநூறு வருஷம் பிந்தைய கதை.

19-ம் நூற்றாண்டின் நடுவில் உலகத்துக்கே காபி அனுப்பிக்கொண்டிருந்த ஊர்களில் ஒன்று இலங்கை. அங்கே காபி பறிக்கத் தமிழ்நாட்டின் வறண்ட ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்துப் போனார்கள். வழியிலேயே காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். 1869-ல் இலையில் துரு மாதிரி ஒரு பூஞ்சை நோய் வந்தது. சில வருஷங்களில் இலங்கைக் காபி காலி. தோட்டத் துரைகள் தேயிலைக்கு மாறினார்கள். இன்று நாம் ‘சிலோன் டீ’ என்று பெருமையாகச் சொல்வது ஒரு பூஞ்சையின் புண்ணியம்!

அதே காலத்தில் இங்கே, 1877-ல், ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு அரச வம்சத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். முதலில் காபி வைத்துப் பார்த்தார்கள், சிங்கோனா வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் அங்கேயும் ஜெயித்தது தேயிலை. மலை திருவிதாங்கூருடையது. ஆனால் அதற்கு வாசல் போடிதான். ஆள் ஏறியது இந்தப் பக்கமிருந்து, அரிசி ஏறியதும் இந்தப் பக்கமிருந்து. சரக்கு இறங்கியதற்கும் இதுவே வழி. மூணாறுக்குப் பக்கத்தில் ‘டாப் ஸ்டேஷன்’ என்று டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுக்கிறார்களே, அது ரோப்வேயின் மேல் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். அப்புறம் போடி, தூத்துக்குடி, லண்டன். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குட்டி ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-ல். இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்து, 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள்.

சரி, கொட்டை இறங்கிவிட்டது. யார் குடித்தார்கள்?

ஆரம்பத்தில் துரைகள். பிறகு வக்கீல்கள், குமாஸ்தாக்கள். நம் தாத்தாவின் தாத்தா காலையில் குடித்தது நீராகாரம்தான். காபி அந்த இடத்தைப் பிடித்தபோது பத்திரிகைகளில் பெரியவர்கள் புலம்பித் தள்ளினார்கள். உடம்பு கெடும், காசு கெடும், பெண்கள் கெடுவார்கள் என்று. யாரும் கேட்கவில்லை. ஊருக்கு ஊர் ‘காபி கிளப்’ முளைத்தது. கிளப் என்றதும் சீட்டாட்டம் ஞாபகம் வரவேண்டாம். பெஞ்சு, டவரா-டம்ளர், இட்லி, அவ்வளவுதான்.

அந்தப் பெஞ்சில் யார் உட்காரலாம் என்பதில்தான் வில்லங்கம். பல கடைகளின் பெயர்ப்பலகையிலேயே ‘பிராமணாள்’ என்று எழுதியிருந்தது. சில கடைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். தாழ்த்தப்பட்டவர்களுக்கு இடமே இல்லை. ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில்கூட இந்தப் பாகுபாடு இருந்தது. அது 1941-ல்தான் ஒழிந்தது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மறியல் செய்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் கூத்தல்ல, மாதக்கணக்கில். கைதாவார்கள், மறுநாள் வேறு ஆட்கள் வந்து நிற்பார்கள். கடைசியில் அந்த வார்த்தை பலகையிலிருந்து போனது.

1957-ஐக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு இருபது வருஷம் பின்னால் போவோம். 1930-களில் உலகப் பொருளாதார மந்தம். காபி விலை தரைமட்டம். தோட்டக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். வெளிநாட்டுக்காரன் வாங்கமாட்டேன் என்றால் உள்ளூர்க்காரனைக் குடிக்கவைக்க வேண்டும். 1935-ல் சட்டம் போட்டு, காபி மேல் ஒரு சிறு வரி வசூலித்து, அந்தப் பணத்தில் விளம்பர வேலை ஆரம்பித்தார்கள். 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் ‘இந்தியா காபி ஹவுஸ்’ திறந்தது. நோக்கம் லாபமல்ல, ருசி காட்டுவது! வெள்ளை யூனிஃபார்ம், விசிறி மாதிரி மடித்த தலைப்பாகையோடு பரிமாறுபவர்கள். காசு கொடுத்த யாரும் உட்காரலாம். ஒரு காபி வாங்கிக்கொண்டு சாயங்காலம் முழுக்கப் பேசலாம். ஊர் ஊராகப் பரவியது. கல்கத்தா காலேஜ் தெருவில் இருந்த காபி ஹவுஸ், வங்காள இலக்கியத்துக்குப் பாதி ஆபீஸாகவே ஆகிப்போனது.

1942-ல் காபி போர்டு வந்தது. விவசாயி தன் கொட்டை முழுவதையும் போர்டின் பொதுக் குவியலுக்குத்தான் கொடுக்கவேண்டும். பணம் தவணை தவணையாக வரும். கணக்குப் பாடத்தில் இதற்குப் பெயர் கடன் விற்பனை. கடன் கொடுத்தது யார் என்று பார்த்தால், போடி சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சம்சாரி!

1950-களின் நடுவில் போர்டுக்கு அலுத்துவிட்டது. காபி ஹவுஸ்களை மூடப் போகிறோம் என்றார்கள். பரிமாறியவர்கள், சமையல்காரர்கள், துடைத்தவர்கள் எல்லாருக்கும் வேலை போகும். அப்போது அவர்களோடு நின்றவர் கம்யூனிஸ்ட் எம்.பி. ஏ.கே.கோபாலன். “கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள்” என்பதுதான் அவர் யோசனையின் சாரம். தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 1957 அக்டோபர் 27-ம் தேதி டெல்லியில் முதல் தொழிலாளர் காபி ஹவுஸ் திறந்தது. ‘இந்தியா’ போய் ‘இந்தியன்’ ஆனது பெயர். 1958-ல் திருச்சூர். அப்புறம் கேரளா முழுக்க.

ஒரே வருஷத்தில் திருவல்லிக்கேணியில், காபிக்கடையில் யார் சமமாக உட்காரலாம் என்ற சண்டை. டெல்லியில், காபிக்கடை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஒரு பதில். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்ததாக எங்கும் படித்ததில்லை. ஆனாலும் சேர்த்து நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

டெல்லி காபி ஹவுஸ் பேசிப் பேசியே கெட்டது. எமர்ஜென்ஸி நேரத்தில், அரசைத் திட்டுகிறவர்கள் கூடும் இடம் என்ற பெயரோடு அது இடிபட்டது. இப்போது அந்த இடத்தில் பாலிகா பஜார். கேரளத்தில் இன்னும் ஜோராக நடக்கிறது. திருவனந்தபுரம் தம்பானூர் போனால் லாரி பேக்கர் கட்டிய காபி ஹவுஸைப் பாருங்கள். சுருள் சுருளாக மேலே ஏறிக்கொண்டே போகும் செங்கல் கோபுரம். நடந்துகொண்டே மேஜை தேடலாம். பீட்ரூட் போட்ட சிவப்பு கட்லெட்டை மறக்காமல் சொல்லுங்கள்.

பேஸ்ட்ரியை மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். அதுவும் தோட்டத்திலிருந்துதான் வருகிறது! கண்ணூர் பக்கம் அஞ்சரக்கண்டியில் லவங்கப்பட்டைத் தோட்டம் வைத்திருந்த மர்டாக் பிரவுன் என்ற துரை, 1883-ல் கிறிஸ்துமஸுக்கு முன்னால் தலச்சேரியில் பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்த மம்பள்ளி பாபுவிடம் இங்கிலாந்து கேக் ஒன்றைக் கொடுத்து, “இதுபோல முடியுமா?” என்று கேட்டாராம். பாபு செய்துவிட்டார். பிராந்தி சேர்க்கச் சொன்னதற்கு உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார் என்பார்கள். இந்தியர் ஒருவர் சுட்ட முதல் கேக் அதுதான் என்பது தலச்சேரியின் பெருமை. நம்மூர் மூலைக்கு மூலை பேக்கரியில் டீ கிளாஸோடு தேங்காய் பன்னும் பப்ஸும் நீள்கிறதே, அதற்கும் நட்சத்திர ஹோட்டல் பேஸ்ட்ரிக்கும் வம்சாவளி ஒன்றுதான். விலைதான் வேறு.

சென்னைக்கும் ஒரு நாற்காலி இருந்தது. நாற்காலி என்ன, கார் சீட்டே! 1962-ல் கதீட்ரல் ரோட்டில் திறந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். மர நிழலில் காரை நிறுத்தினால் ஜன்னலில் தட்டு மாட்டி டிபன் தருவார்கள். கார் இல்லாதவர்கள் உள்ளே உட்கார்ந்து ஒரு காபியில் கதை விவாதம், கல்யாணப் பேச்சு, பிசினஸ் எல்லாம் முடித்தார்கள். நில விவகாரத்தில் 2008-ல் மூடினார்கள். 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்கா அழகுதான். ஆனால் பூங்காவில் யார் பில் கொடுக்கத் தாமதிப்பது?

1992-லிருந்து காபி போர்டின் பிடி தளர்ந்தது. 1996-ல் விவசாயி யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஆனது. அதே 1996 ஜூலையில் பெங்களூரு பிரிகேட் ரோட்டில் முதல் காபி டே. சிக்மகளூர் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த சித்தார்த்தா கண்டுபிடித்தது இதுதான்: கொட்டையாக விற்றால் 10 ரூபாய், நாற்காலியோடு விற்றால் பல மடங்கு. நாடு முழுக்க நாற்காலி போட்டார். காதலர்கள், ஐ.டி. இன்டர்வியூக்கள், மாப்பிள்ளை பார்த்தல் எல்லாம் அங்கே நடந்தன. காபி ஹவுஸைப் போல ஜாதி கேட்காத இடம்தான். பர்ஸை மட்டும் கேட்கும். 2012-ல் டாடாவோடு கைகோத்து ஸ்டார்பக்ஸ் மும்பைக்கு வந்தது. 2019 ஜூலையில் கடன் சுமைக்கு நடுவே சித்தார்த்தாவின் உடல் நேத்ராவதி ஆற்றில் கிடைத்தது. வாடகையும் வட்டியும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய நாற்காலியும் ஆட்டம் காணும்.

போடியில் இதெல்லாம் எப்படித் தெரியும்? விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் கிளம்பும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறுவார்கள். 17 வளைவு ஏறி, வேலை பார்த்து, இருட்டுவதற்குள் இறங்குவார்கள். போடிமெட்டில் காபி கேட்டுப் பார்த்தேன். கிடைத்தது இன்ஸ்டன்ட். மற்றபடி எல்லோர் கையிலும் டீ. நம் தென் மாவட்டங்களின் டீக்கடைகளில் இரட்டை டம்ளர் இருந்தது அவ்வளவு பழைய கதையும் அல்ல. சட்டம் வந்தது, வழக்குகள் வந்தன. அப்புறம் சில ஊர்களில் பேப்பர் கப் வந்தது. சுத்தம் என்றார்கள். சிலருக்கு மட்டும் அந்தச் சுத்தம் ஏன் என்று கேட்டவர்களும் உண்டு. மாநகர கஃபேயில் பேப்பர் கப் என்றால் எடுத்துக்கொண்டு போவதற்கு என்று அர்த்தம். அங்கே அர்த்தம் வேறு.

2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்திய போடி ரயில், 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. இப்போது சென்னைக்கே நேர் ரயில் இருக்கிறது. ராத்திரி ஏறினால் காலையில் சென்ட்ரல். வேலை தேடி அதில் வரும் பிள்ளைகளில் யாராவது உங்கள் கஃபேயின் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கலாம். பில் வரும்போது எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். போடிப் பக்கம் என்றால், அகமலையில் இந்த வருஷம் பூ எப்படி என்று விசாரியுங்கள். மார்ச், ஏப்ரலில் நல்லதாக ஒரு மழை விழுந்தால்தான் காபிக்குப் பூ பிடிக்கும்.