கையில் போட்ட புள்ளடி

போதை ஒழிப்புக்காக எமது பாடசாலைகளில் எத்தனையோ கூட்டங்கள் வைத்துவிட்டோம். பதாகை பிடித்தோம், உறுதிமொழி வாசித்தோம். பிள்ளைகள் எவ்வளவு கேட்டார்கள் என்பது எமக்கே தெரியும். இன்று, பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொன்ன ஒரு வரலாற்றைப் பார்ப்போம்.

1980, அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டன். பங்க் இசை என்றாலே குடியும் போதையும்தான் என்று பலர் நினைத்த காலம். இயன் மெக்காய், ஜெஃப் நெல்சன் என்ற இரு இளைஞர்கள் 'டீன் ஐடில்ஸ்' என்ற குழுவில் இருந்தார்கள். சென் பிரான்சிஸ்கோவில் ஒரு மண்டபத்தில், குடிக்கும் வயது வராதவர்கள் என்பதற்கு அடையாளமாக அவர்களின் கையில் கறுப்புப் புள்ளடி போட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பி அந்த வழியையே தங்கள் ஊர் மண்டபத்துக்கும் சொன்னார்கள். பாட்டுக் கேட்க விட்டால் போதும், குடிக்க மாட்டோம் என்பதுதான் பேச்சு. வயது குறைவென்று போட்ட அடையாளம் பிறகு பெருமையாகிவிட்டது.

அந்தக் குழு கலைந்தபோது சேமிப்பில் சுமார் 600 டொலர் இருந்தது. பங்கு பிரிக்கவில்லை. 'டிஸ்கோர்ட்' என்ற பெயரில் இசைத்தட்டு வெளியிட்டார்கள். 1000 உறைகளையும் கையாலேயே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள்.

அதன்பின் லைல் பிரெஸ்லர், பிரையன் பேக்கர் ஆகியோரோடு சேர்ந்து இருவரும் தொடங்கியதுதான் 'மைனர் த்ரெட்'. 1981இல் வந்த அவர்களின் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' பாட்டு ஒரு நிமிடம்கூட இல்லை. போதை இல்லாமல் தெளிவாக இருப்பதே எனக்குப் பலம் என்பது அதன் சாரம். அந்தப் பெயரில் உலகம் முழுக்க ஓர் இயக்கமே உருவானது.

இதில் எம்மை யோசிக்க வைத்தது இன்னொரு விடயம். 'அவுட் ஒஃப் ஸ்டெப்' பாட்டின் வரிகள் மற்றவருக்குக் கட்டளை போடுவதுபோல இருப்பதாக நெல்சன் ஆட்சேபித்தார். ஆகவே 1983இல் மறுபடி ஒலிப்பதிவு செய்தபோது, இது சட்டமல்ல, என் சொந்த முடிவு என்ற கருத்தை மெக்காய் பாட்டின் நடுவிலேயே பேசிச் சேர்த்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் கடைசி நிகழ்ச்சி. எந்த இசை வாசிப்பது என்ற கருத்து வேறுபாட்டில் குழு முடிந்தது. மூன்றே ஆண்டுகள்.

பிற்காலத்தில் குடிப்பவர்களை அடிக்கப் புறப்பட்ட சிலரும் கையில் அதே புள்ளடி போட்டிருந்தார்கள். நெல்சன் பயந்தது அதற்குத்தான் போலும்.

ஆசிரியர்களும் பெற்றோரும் நாம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நண்பர்கள் நடுவே "எனக்கு வேண்டாம்" என்று ஒரு பிள்ளை தானாகச் சொல்வதற்கு எம் உறுதிமொழி மட்டும் போதுமா? அவர்கள் கூடுவதற்கு ஓர் இடமும், தங்கள் கையாலேயே செய்ய ஒரு வேலையும் நாம் கொடுத்திருக்கிறோமா? கருத்துகளைப் பதியுங்கள்.