கண்ணுக்குள் ஒரு குடை



1976. இறுதியாண்டுத் தேர்வுக்கு ஹால் டிக்கெட்டில் ஒட்டப் போட்டோ வேண்டும் என்றார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். போட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தார், பவுடர் டப்பாவை நீட்டினார். "நல்லா போட்டுக்குங்க தம்பி, உங்க கலருக்கு மூஞ்சியே விழாது" என்றார். போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் வந்த படத்தில், சாம்பல் பூசிய எவனோ ஒருவன் உட்கார்ந்திருந்தான். அம்மா பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்று கேட்டாள்.

குறை என் நிறத்திலா, அவர் விளக்கிலா? இயற்பியல் மாணவனான என்னை அந்தக் கேள்வி விடவில்லை. விடை தேடிப் போனால் புகைப்பட வரலாறே அதில்தான் இருக்கிறது.

1839-ல் பாரிஸில் டாகர் தம் முறையை வெளியிட்டபோது, ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் வெளிச்சம் தேவைப்பட்டது. பின்பு நேரம் குறைந்தும், தலை அசையாமலிருக்கப் பின்னால் இரும்புப் பிடி வைத்தார்கள். ஸ்டுடியோக்கள் மாடியில், கண்ணாடிக் கூரையோடு இருந்தன. ஐரோப்பாவில் அந்தக் கண்ணாடி வடக்கு நோக்கி இருக்கும். நேர் வெயில் விழாது. பரந்த வானத்தின் மெதுவான வெளிச்சம் மட்டும் வரும். சென்னையிலும் 1850களிலேயே புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது.

வானத்தை நம்பாமல் படமெடுக்க முதலில் துணிந்தவர்களில் ஒருவர் பிரான்சின் நாடார். 1860களின் தொடக்கத்தில் பாரிஸின் சுரங்கக் கல்லறைகளுக்குள் பாட்டரியில் எரியும் வில்விளக்கோடு இறங்கினார். அத்தனை நேரம் ஆளால் அசையாமல் நிற்க முடியுமா? வேலையாட்களுக்குப் பதில் பொம்மைகளை நிறுத்திப் படமெடுத்தார்! 1887-ல் ஜெர்மனியில் மக்னீசியம் வெடிப்பொடி வந்தது. வெளிச்சத்தோடு புகையும் வந்தது. 1929-ல் ஃபிளாஷ் பல்பு. 1931-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் மின்னணு ஃபிளாஷை உருவாக்கினார்.

வெளிச்சம் கைக்கு வந்தது. ஆனால் மென்மை போய்விட்டது. சின்ன விளக்கு கத்தி போல நிழலை வெட்டும். அதற்கு மருந்துதான் குடை. ஃபிளாஷை வெள்ளைக் குடைக்குள் அடித்தால் வெளிச்சம் பரந்து திரும்பும். அந்த வடக்குக் கண்ணாடிக் கூரையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது போலத்தான்!

வைக்கும் விதம் எளிது. முகத்துக்கு ஒரு பக்கமாக சுமார் 45 டிகிரியில், கண்ணுக்குச் சற்று மேலே, குடைக்காம்பு முகத்தைப் பார்க்கட்டும். மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை போதும். குடை கிட்டே வர வர நிழல் மென்மையாகும். தள்ளிப் போனால் அதுவும் சின்ன விளக்குதான். தூரம் இரு மடங்கானால் வெளிச்சமும் ஏறத்தாழ கால் பங்காகிவிடும்.

கறுத்த முகத்துக்கு அழகு அதன் பளபளப்பு. பக்கத்திலிருந்து வரும் பெரிய வெளிச்சம் அந்த மினுமினுப்பில் கன்னத்தையும் நெற்றியையும் வரைந்து காட்டும். பவுடர் அதைத்தான் முதலில் அழித்துவிடுகிறது. என் படத்தில் நடந்தது அதுதான். பெரிய இடத்திலும் இதே கதை: கலர் பிரிண்ட் சரிபார்க்கக் கோடாக் லேப்களுக்கு அனுப்பிய அட்டைகளில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண் முகம்தான் இருந்தது. பல நிறத்தவர் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது.

1988-ல் ஒரு ஃபிளாஷும் குடையும் வாங்கினேன். முதல் படம் அம்மாவுக்கு. பவுடர் இல்லை, டச்சிங் இல்லை. பிரிண்டைக் கையில் வாங்கியவள், "ஆமா, நான்தான்" என்றாள். அவ்வளவுதான். இன்று அவள் இல்லை. அந்தப் படம் கூடத்தில் இருக்கிறது. இரண்டு கண்ணிலும் சின்னதாக ஒரு வெள்ளைக் குடை தெரியும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் செல்போனில் முகத்தை வெளுக்க வைக்கும் வசதி இருக்கிறதே, அதுவும் அந்தப் பவுடர் டப்பாதான். இன்று எங்களை க்ரூப் போட்டோ எடுக்கும்போது அதை அணைத்துவிடுங்கள். முகத்தை மாற்ற வேண்டாம்; விளக்கை நகர்த்துங்கள்.