டாக்டர் இல்லாத இடத்தில் பிறந்த புத்தகம்

மேற்கு மெக்சிகோவில், சியரா மாத்ரே மலையில் அஹோயா என்றொரு சிற்றூர். 1960களின் நடுவில் மலையையும் செடிகொடிகளையும் பார்க்க அந்தப் பக்கம் போனவர் டேவிட் வெர்னர். கலிபோர்னியாவில் உயிரியல் கற்பித்த ஆசிரியர், மருத்துவம் படிக்காதவர். வயிற்றுப்போக்கிலும் சீழ்பிடித்த காயத்திலும் அநியாயமாக உயிர்கள் போவதைக் கண்டவர், அந்த மக்களோடு வேலை செய்யத் தொடங்கினார். ஊர்க்காரர்களே சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள். அவர்கள் கையில் வைத்துக்கொள்ள ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டதுதான் அந்தப் புத்தகம். படங்களையும் வெர்னரே வரைந்தார். 1977இல் அது ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் ‘டாக்டர் இல்லாத இடத்தில்’ என்ற பெயரில் க்ரியா வெளியிட்டது.

வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசலை அதில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டி அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. அதனால், சர்க்கரை போடுவதற்கு முன் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது புத்தகம்: கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. தராசு இல்லாத வீட்டில், கண்ணீரின் ருசி தெரியாத தாய் யார்? இதை எழுத மருத்துவ அறிவு மட்டும் போதாது. அந்த அடுப்படியில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

எழுத்தறியாதவர்களுக்கு மருந்துச் சீட்டு எழுதும் முறையும் அதில் உண்டு. உதிக்கும் சூரியன், உச்சிச் சூரியன், மறையும் சூரியன், நிலா என்று வரிசையாக நான்கு படங்கள். எந்த வேளைக்கு எத்தனை மாத்திரையோ அத்தனையை அதன் கீழே வரைந்துவிட வேண்டும். பாதி மாத்திரை என்றால் பாதி வட்டம். நம் சீட்டுகளில் இருக்கும் ‘1-0-1’ஐப் பார்த்து விழிக்கும் பாட்டிக்கு இது ஒரு நொடியில் புரியும்.

எளிமையாக எழுதினால் விஷயம் நீர்த்துப்போகும் என்று நினைக்கும் மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் புத்தகத்தில் மருந்துகளைப் பற்றிச் சொல்லும் பச்சைப் பக்கங்களைப் புரட்ட வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் வயது வாரியான அளவு, ஆபத்து, எச்சரிக்கை எல்லாம் இருக்கிறது. எதையும் மறைக்கவில்லை.

இலவசமாகவோ அடக்க விலைக்கோ கொடுப்பதானால், யாரும் பிரதி எடுக்கலாம், தம் ஊருக்கு ஏற்ப மாற்றலாம் என்று புத்தகத்திலேயே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அனுமதிதான் இருக்கிறதே; மருந்துக் கடைக்காரர்களே, அடுத்த முறை மாத்திரை உறையின் மேல் ஒரு சூரியனும் நிலாவும் வரைந்து கொடுங்கள்.