கணக்கில் வராத புயல்கள்

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழை, ஒரே நாளில் செம்பரம்பாக்கத்தில் சுமார் 47 செ.மீ. கொட்டித் தீர்த்தது. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட, அடையாறு கரைபுரண்டது. "நூறு வருஷத்தில் இல்லாத மழை" என்றார்கள். சரி, அந்த நூறு வருஷக் கணக்கை எழுதி வைத்தது யார்? வங்கக் கடலின் புயல் பதிவுகளைப் பார்த்தால் இது எவ்வளவு சிக்கலான கேள்வி என்று புரியும்.

1746-ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்த சில வாரங்களில் ஒரு புயல் அவருடைய கப்பல்களைச் சின்னாபின்னமாக்கியது. பிரெஞ்சுக்காரர்கள் கணக்கில் அது அக்டோபர் 13. ஆங்கிலேயர் கணக்கில் அக்டோபர் 2. புயல் ஒன்றுதான். ஆங்கிலேயர்கள் 1752 வரை பழைய நாட்காட்டியை வைத்திருந்ததால் 11 நாள் வித்தியாசம். கவனிக்காமல் எண்ணினால் ஒரு புயல் இரண்டாகிவிடும்!

எண்ணிக்கையில் விடுபட்டவைதான் அதிகம். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், மாலுமிகளின் நாட்குறிப்புகளைச் சேகரித்துப் புயல்களை ஆராய்ந்தார். 'சைக்ளோன்' என்ற சொல்லே அவர் 1848-ல் எழுதிய புத்தகத்தில் வந்ததுதான். ஆனால் அவர் கைக்குக் கிடைத்தவை கரை சேர்ந்த கப்பல்களின் குறிப்புகள். மூழ்கிய கப்பலின் குறிப்பும் கூடவே மூழ்கிவிடும் அல்லவா?

1864-ல் கல்கத்தாவைப் புயல் சூறையாடிய பிறகு, 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. அதன் புயல் பாதை வரைபடங்கள் 1891-லிருந்துதான் தொடங்குகின்றன. முதல் வானிலைச் செயற்கைக்கோள் பறந்தது 1960-ல். அதுவரை நடுக்கடலில் பிறந்து அங்கேயே அடங்கிய புயலைக் கப்பல் எதுவும் பார்க்காவிட்டால் அது பதிவிலேயே ஏறாது.

அட்லாண்டிக்கிலும் இதே கதைதான். அங்கே 1933-ல் பதிவானவை 20 புயல்கள், 2005-ல் 28. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துப் புயல் பெருகிவிட்டது என்றும் சொல்ல முடியாது, பெருகவில்லை என்றும் சொல்ல முடியாது. 1933-ல் வானிலிருந்து பார்க்கக் கண் இல்லை.

வணிகவியல் படிக்கும் நண்பர்களுக்கு இது எளிதாகப் புரியும். வவுச்சர் இல்லை என்பதால் செலவே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் காப்பீடும், மழைநீர் வடிகாலின் அகலமும், ஏரி மதகை எப்போது திறப்பது என்ற முடிவும் பழைய பதிவுகளை நம்பித்தான் இருக்கின்றன. அந்தப் பேரேட்டில் எத்தனை பக்கம் காலி என்று தெரிந்துகொண்டு, கொஞ்சம் கூடுதலாகவே ஒதுக்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.