அளவோடு விளையும் பரோலோ திராட்சை

இத்தாலியின் வடமேற்கே, பீட்மாண்ட் மாநிலத்தின் லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ ரகத் திராட்சையில் இருந்து மட்டுமே பரோலோ என்ற சிவப்பு ஒயின் தயாராகிறது. 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்த பழத்துக்கே இந்தப் பெயர் செல்லும். சுண்ணாம்பு கலந்த களிமண் சரிவுகளே இதற்கு ஏற்றவை. இந்த ரகம் தாமதமாகப் பழுப்பதால் வெயில் அதிகம் தேவை. எனவே வடக்கு நோக்கிய சரிவில் நடவு செய்ய அனுமதியில்லை.

எக்டருக்கு 8 டன், அதாவது ஏக்கருக்குச் சுமார் 3.2 டன்னுக்கு மேல் மகசூல் கூடாது. மிகுதியான குலைகளைக் காயாக இருக்கும்போதே வெட்டி விடுகிறார்கள். மீதிப் பழத்தில் இனிப்பும் மணமும் கூடும். 38 மாதம் முதிர்ந்த பிறகே ஒயின் விற்பனைக்கு வரும்.

நம் கம்பம் பன்னீர் திராட்சையும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. குறியீடு பெயரைக் காக்கும். விலையைக் காப்பது தரமே.