மதுவிலக்கும் விஷச் சாராயமும்

குடிகாரக் கணவனிடம் அடிபட்ட பெண்களுக்காகவும் பட்டினி கிடந்த குழந்தைகளுக்காகவும்தான் அமெரிக்காவில் மதுவிலக்குக் குரல் வலுத்தது. 1873-ல் ஒஹையோ மாநிலப் பெண்கள் மதுக்கடை வாசல்களில் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தார்கள்.

1920 ஜனவரியில் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. குடி நிற்கவில்லை. தொழிற்சாலைகளுக்கான ஆல்கஹாலைத் திருடி, சுத்திகரித்து விற்றார்கள். குடிக்க முடியாதபடி அதில் மெத்தனால் போன்ற நச்சுகளைக் கலக்க வைத்தது அரசு.

1926 கிறிஸ்துமஸ் நாட்களில் நியூயார்க்கில் அதைக் குடித்துப் பலர் செத்தார்கள். அதற்குப் பிறகாவது நிறுத்தினார்களா? இல்லை, 1927 தொடக்கத்தில் மெத்தனாலின் அளவைக் கூட்டினார்கள்!

நல்ல சரக்கு வாங்க வசதியில்லாத ஏழைகளே அதிகம் சாகிறார்கள் என்று நகரின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ் கண்டித்தார். மதுவிலக்குப் பிரசாரத்தின் முக்கியத் தலைவரான வெய்ன் வீலரோ, அதைக் குடிப்பவன் தெரிந்தே தற்கொலை செய்துகொள்கிறான் என்றார்.

செத்தவர்களுக்கும் மனைவி, குழந்தைகள் இருந்தார்கள். யாருடைய கண்ணீரைத் துடைக்கப் புறப்பட்டார்களோ, அவர்களையே மறந்துவிட்டார்கள். கடைசியில் கொள்கை மட்டும்தான் மிஞ்சியது. 1933 டிசம்பரில் அதுவும் போனது.